பழைய பிக்கப்பில ஹீற்றர் சூடு காணாது, எங்க பாக்கிறது?

ஒஷாவா தம்பி:
வணக்கம் அண்ணையாக்கள், என்னட்ட 2001 மாடல் பிக்கப் ஒண்டு நிக்குது, வி8 பெற்றோல் எஞ்சின், ஓட்டத்தில ஒரு குறையும் இல்லை, இந்த ஹீற்றர்தான் உயிரை வாங்குது. வெளியில மைனஸ் 15 எண்டா உள்ளுக்கு இளஞ்சூடாத்தான் காத்து வருது, விடிய வேலைக்குப் போகேக்க முன்கண்ணாடி உள்பக்கமா வெள்ளையாப் பிடிச்சு றோட்டே தெரியுதில்லை. ஃபான் நல்லா அடிக்குது, ரெம்பரேச்சர் முள்ளும் நடுவிலதான் நிக்குது. ஒரு கராஜில தெர்மோஸ்ராற் (எஞ்சின் சூட்டுக்கேற்ப றேடியேற்றருக்குப் போற வழியைத் திறந்து மூடுற வால்வு) புதுசு போட்டுக் காசும் வாங்கிட்டாங்கள், ஒரு மாற்றமும் இல்லை. இப்ப ஹீற்றர் கோர் (எஞ்சின் சூட்டை எடுத்து உள்ளுக்கு வாற காத்தைச் சூடாக்கிற சின்ன றேடியேற்றர்) மாத்தோணுமாம், டாஷ்போட் முழுக்கக் கழட்டோணுமாம், 1,200 டொலர் கேக்கினம். வேற வழி இருக்கோ?

பழைய மெக்கானிக்:
தம்பி, டாஷ்போட்டில கை வைக்க விடாதையுங்கோ. முள் நடுவில நிண்டா தெர்மோஸ்ராற் வேலை செய்யுது, அது திறந்தபடி இறுகியிருந்தா ஹைவேயில முள் கீழ இறங்கும். எஞ்சின் நல்லா ஆறினாப்பிறகு றேடியேற்றர் மூடியைத் திறந்து கூலன்ற் (எஞ்சினை ஆறவைக்கிற திரவம்) மட்டம் பாருங்கோ, சூட்டோட திறந்தா முகத்தில அடிக்கும். மட்டம் சரியெண்டா எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரை முழுச்சூட்டில வச்சு, பொனற்றுக்குள்ள கபின் பக்கம் போற ரெண்டு றப்பர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கோ, பெல்ற்றுக்குக் கிட்டக் கை கொண்டு போகாமல். ரெண்டும் கையைச் சுட்டா கோர் நல்லம், உள்ளுக்குச் சூட்டுக் காத்தையும் குளிர் காத்தையும் கலக்கிற கதவுதான் திரும்புதில்லை. ஒண்டு சுட்டு மற்றது ஆறிக் கிடந்தா கோர் அடைச்சிருக்கு.

வன்னியான்:
அண்ணை சொன்னது சரி. இன்னொண்டு, சிக்னலில நிக்கேக்க குளிர்ந்து, அக்சிலறேற்றர் மிதிக்கச் சூடு வந்தா கூலன்ற் குறைவு இல்லாட்டி உள்ளுக்குக் காத்து நிக்குது.

ஒஷாவா தம்பி:
மட்டம் சரியா இருக்கு. ஒரு ஹோஸ் பிடிக்கேலாத சூடு, மற்றது பச்சைத் தண்ணி மாதிரி. மூடிக்குள்ள மண்ணிறமாச் சேறும் ஒட்டிக் கிடக்கு.

பழைய மெக்கானிக்:
அப்ப அடைப்புத்தான். செம்மஞ்சள் கூலன்றையும் பச்சைக் கூலன்றையும் ஆரோ கலந்து விட்டிருக்கினம் போல. எஞ்சின் ஆறினாப்பிறகு ரெண்டு ஹோஸையும் கழட்டி, ஆறிக் கிடந்த பக்கத்தால தண்ணி விடுங்கோ, வழமையா ஓடுறதுக்கு எதிர்ப்பக்கமா, அப்பதான் ஊத்தை கிளம்பும். பைப்பை மெல்லத் திறவுங்கோ, பழைய கோர், அமுக்கம் கூடினா வெடிச்சிடும். தெளிஞ்ச தண்ணி வருமட்டும் விடுங்கோ. பிறகு உள்ள நிக்கிற தண்ணியைக் கட்டாயம் ஊதி எடுக்கோணும், வெறுந்தண்ணி நிண்டா இந்தக் குளிருக்கு உறைஞ்சு கோரைப் பிளந்துபோடும். கூலன்ற் பாதி, காய்ச்சி வடிச்ச தண்ணி பாதி எண்டு விட்டா மைனஸ் 37 மட்டும் தாங்கும். றேடியேற்றரில கிடக்கிற பழசையும் வடிச்சுப்போட்டு முழுக்கப் புதுசு விடுங்கோ, இல்லாட்டி அந்தச் சேறு திரும்பக் கோருக்குள்ள போய் நிக்கும்.

ஒஷாவா தம்பி:
அண்ணை, செய்து முடிச்சாச்சு! முதல்ல தேத்தண்ணி நிறத்தில துருவும் சேறும் கட்டிகட்டியா வந்தது, போகப்போகத் தெளிஞ்சுது. இப்ப ரெண்டு ஹோஸும் சுடுது, கண்ணாடியும் கெதியா வெளிக்குது. பெரிய உபகாரம் அண்ணை. வடிச்ச பழைய கூலன்றை என்ன செய்யிறது?

வன்னியான்:
காணுக்குள்ள ஊத்திப்போடாதையும், நிலத்தில சிந்தினதையும் துடையும். இனிப்பா இருக்கிறதால நாய் பூனை நக்கும், கொஞ்சம் உள்ளுக்குப் போனாலே சிறுநீரகம் போயிடும். போத்திலில அடைச்சு நகரசபையின்ர நச்சுக்கழிவு எடுக்கிற இடத்தில குடும்.

பழைய மெக்கானிக்:
தம்பி, கொஞ்ச நாளைக்குப் பசஞ்சர் பக்கக் காப்பெற்றைத் தடவிப் பாருங்கோ. ஈரமோ இனிப்பு மணமோ வந்தா கோர் ஒழுகுது, அப்பதான் டாஷ்போட்டைக் கழட்டுற கதை.