வீட்டுச் சுவரோரம் தண்ணீர் தேங்குகிறது, என்ன செய்யலாம்?

முடிச்சூர்வாசி:
ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் பின்பக்கச் சுவரோரம் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது. அம்மா படுக்கும் அறையில் ஓதம் 2 அடி ஏறி, பூச்சு உதிர்கிறது. களிமண் பூமி. சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டால் சரியாகுமா?

பழைய மேஸ்திரி:
தளம் அப்புறம், முதலில் வாட்டம், அதாவது தரைச் சரிவு பாருங்க. ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்தால், சுவரிலிருந்து 10 அடி தூரத்தில் தரை 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கணும். சுவரோரம் மணல் கொட்டாதீங்க, தண்ணீரை நேராகக் கடைக்காலுக்கு இறக்கிவிடும். கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, நனைத்து, திமிசு கட்டையால் இடிக்கணும். மண் மட்டம் பேஸ்மென்ட் பெல்ட்டுக்கு (சுவருக்கு அடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) கீழேயே நிற்கட்டும்.

கீழ்க்கட்டளை அக்கா:
மொட்டைமாடிக் குழாய் எங்கே விழுகிறது தம்பி? எங்கள் வீட்டில் அதுதான் காரணம். சம்புக்கு (நிலத்தடித் தொட்டி) திருப்பியதும் சுவர் காய்ந்தது.

முடிச்சூர்வாசி:
அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அதே மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் விழுகிறது! ஞாயிற்றுக்கிழமை நீட்டிவிடுகிறேன். மேஸ்திரி ஐயா, ரோடு எங்கள் வாசலைவிட ஓரடி உயரம். வாட்டம் விட்டாலும் தண்ணீர் எங்கே போகும்?

பழைய மேஸ்திரி:
தண்ணீர் மண்ணுக்குள் இறங்க, மனையின் பின்மூலையில் குழி தோண்டி உறை (சிமென்ட் வளையம்) இறக்குங்க. களிமண்ணோடு நிறுத்தினால் உறிஞ்சாது, மணல் வரும்வரை தோண்டச் சொல்லுங்க.