நாளை பலத்த காற்று: ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கிளாஸ்கோ விமானத்தைப் பிடிக்க வழி உண்டா?

நீலவானம்:
அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகளுடன் மல் தீவின் டோபர்மோரி ஊரில் தங்கியிருக்கிறேன். நாளை காலை தீவின் கிரெய்க்னூர் துறையிலிருந்து பெருநிலத்தில் உள்ள ஓபன் நகருக்குச் செல்லும் படகில் காருக்கும் இடம் பதிவு செய்தாகிவிட்டது. மாலை ஏழு மணிக்குக் கிளாஸ்கோவில் விமானம். தென்மேற்குக் காற்றால் படகு ரத்தாகலாம் என்று சற்று முன் குறுஞ்செய்தி வந்தது. துறைக்குப் போய்க் காத்திருப்பதா? வாடகைக் கார் என்பதால் இங்கேயே விட்டுவிடவும் முடியாது.

கரையோரன்:
காத்திருக்காதீர்கள். ஒரு படகு ரத்தானால், அடுத்ததில் ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்குத்தான் முதல் இடம். மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. கிரெய்க்னூருக்குச் சில மைல் முன்பே ஃபிஷ்னிஷ் என்ற சிறு துறை வரும். அங்கிருந்து படகில் எதிர்க்கரையில் உள்ள லோகலைனுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. முன்பதிவு கிடையாது, வரிசையில் வந்தவருக்கு இடம். ஓபனுக்குப் போகும் படகு லிஸ்மோர் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் திறந்த நீரில் போக வேண்டும். இதுவோ தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான நீரிணைக்குள்ளேயே குறுக்கே போகிறது. தென்மேற்குக் காற்றைத் தீவின் மலைகளே தடுத்துவிடும்.

நீலவானம்:
நன்றி அண்ணா. டோபர்மோரியிலிருந்தே பெருநிலத்தில் உள்ள கில்கோவனுக்கு ஒரு படகு போகிறதே, அது ஆகாதா?

கரையோரன்:
ஆகாது என்றில்லை. ஆனால் அது நீரிணையின் வாய்ப்பகுதி, அங்கே அலை அதிகம். இறங்கிய பிறகு ஆர்ட்னமர்கன் தீபகற்பச் சாலை பாம்பாக வளைந்து போகும். பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பதை மறக்க வேண்டாம்!

மலைப்பாதை:
லோகலைனில் இறங்கியதும் கடலைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒற்றை வண்டி அகலச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கோரன் வரும். அங்கே லோக் லின்னி என்ற கடற்கழியைக் கடக்க இன்னொரு குட்டிப் படகு. ஐந்து நிமிடப் பயணம். அது ஓடுகிறதா என்று இன்றிரவே பாருங்கள். ஓடாவிட்டால் லோக் ஈல் ஏரியைச் சுற்றி வர வேண்டும், ஒரு மணி நேரமாவது கூடுதலாகும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் இடப்பக்கம் இருந்தால் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்று அவருக்கு வழிவிடுங்கள், குறுக்கே பாயாதீர்கள். டோபர்மோரியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஓபனுக்குப் போகும் படகின் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்ய அவசரப்பட வேண்டாம். படகு நிறுவனமே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

நீலவானம்:
வந்து சேர்ந்துவிட்டோம், விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். ஃபிஷ்னிஷில் எங்களுக்கு முன் ஆறு கார்கள், எல்லாரும் இதே யோசனையோடு வந்தவர்கள்! இரண்டாவது நடையில் இடம் கிடைத்தது. கோரன் படகும் ஓடியது. வழியில் கிளென்கோ பள்ளத்தாக்கில் மழை கொட்டியதால் மலை எதுவுமே தெரியவில்லை, அப்பாவுக்கு அது ஒன்றுதான் குறை. ஓபனுக்குப் போகும் படகு ரத்தான செய்தி, நாங்கள் லோகலைனில் இறங்கும்போதுதான் வந்தது.