புதுப்பிப்பு: ராத்திரி நொறுக்குத்தீனியும் என்.எல்.பி.யும், மூன்று மாதம் கழித்து

"படுக்கப் போகும் நேரத்தில் கை தானாகப் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது, என்.எல்.பி. உதவுமா?" என்று முன்பு கேட்டிருந்தேன். (என்.எல்.பி. என்பது நியூரோ-லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்; மனப்படங்கள், சொற்கள் மூலம் பழக்கங்களை மாற்ற முயலும் முறை.) அதிலுள்ள ஆங்கரிங் (ஒரு தொடுகை போன்ற சைகையோடு ஒரு மனநிலையைப் பிணைப்பது), ஸ்விஷ் என்ற இரண்டு பயிற்சிகளையும் முயலச் சொன்னீர்கள். முயன்றேன்.

ஆங்கரிங் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஸ்விஷ்தான் கைகொடுத்தது. கண்ணை மூடி, டப்பா மூடியைத் திறக்கும் என் கையைப் பெரிதாக, பளிச்சென்று பார்ப்பேன். அதன் மூலையில் சின்னதாக இன்னொரு படம்: வயிறு லேசாக, நிம்மதியாகப் படுக்கப் போகும் நான். சட்டென்று சின்னப் படம் விரிந்து பெரியதை மூடிவிட வேண்டும். கண்ணைத் திறந்து, மறுபடி முதலிலிருந்து. ஐந்தாறு முறை.

ஆசை அடியோடு போகவில்லை. ஆனால் கை நீளுமுன் ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணம் எனக்குப் பெரிய விஷயம்.

எடை 84 கிலோவிலிருந்து 81.5. இதை முழுக்க ஸ்விஷ் கணக்கில் எழுத மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிக்கிறேன், தினமும் நடக்கிறேன். என்.எல்.பி. 1970களில் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரிண்டரும் உருவாக்கிய முறை. 2012இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, எடைப் பராமரிப்பு உள்பட உடல்நலத்துக்கு இது பலன் தருகிறது என்பதற்குச் சான்று குறைவு என்றே சொன்னது.

சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யலாமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

மன உளைச்சல் உள்ள நாட்களில் ஸ்விஷ் எனக்கு இன்னும் எடுபடவில்லை. அதற்கு வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.