“நீங்கள் யார்?” என்று கேட்ட இடம்

மாடித்தோட்டம்:
ஜப்பானிய இயக்குநர் நவோமி கவாசேயின் தத்து பற்றிய படம் ‘ட்ரூ மதர்ஸ்’ (2020) பார்த்தவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது ஒரே இடம். 14 வயதில் பிள்ளை பெற்றுத் தத்துக் கொடுத்த ஹிகாரி, சில வருஷம் கழித்து வெளிறிய தலைமுடியோடு வந்து, பிள்ளையைக் கொடு, இல்லையென்றால் பணம் கொடு என்கிறாள். வளர்த்தவர்கள் கத்தவில்லை. நீங்கள் அந்தப் பெண் இல்லை, யார் நீங்கள் என்று அமைதியாகக் கேட்கிறார்கள்.

என் மகள் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். 11 வயது. தத்து என்று அவளுக்குத் தெரியும். கடிப்பதை நிறுத்திவிட்டு, “அந்த அக்காவை ஏம்மா தெரியலைங்கிறாங்க?” என்றாள். தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். மூன்று வாரம் ஆகிறது.

இரவுப்பணி:
எனக்கு இன்னொரு ஜப்பானியப் படம், ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ (2018). விசாரணையில் “பிள்ளைகள் உன்னை என்னவென்று கூப்பிட்டார்கள்?” என்று கேட்டதும், பெறாத பிள்ளைகளை வளர்த்தவளாக வரும் சகுரா ஆண்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பாரே, அது. என்னை வளர்த்தது பெரியம்மா. கடைசியாக அட்மிட் செய்தபோது படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘தங்கை மகன்’ என்று எழுதினேன். படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கறாரானவன்:
‘ஷாப்லிஃப்டர்ஸ்’ கதை தத்தே இல்லையே! ஊரான் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்து வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் வேறு பெயர். அந்தக் குழந்தையைப் பெற்றவர்கள் வீட்டில் அடித்தார்கள் என்பது சரி, அதற்காக? இரண்டு படத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஜப்பானில் தத்து என்றாலே முக்கால்வாசி வளர்ந்த ஆண்கள்தான், குடும்பப் பெயரும் தொழிலும் நிலைக்க. கவாசே படத்தில் வருவது ‘சிறப்புத் தத்து’. 1988-இல் வந்தது, பெற்றவர்களோடு சட்ட உறவு அறுந்துவிடும். முன்பு பொதுவாக 6 வயதுக்குள்தான், 2020-இல் 15 வயதுக்குள் என்று மாற்றினார்கள். படத்தில் தத்துக்கு ஏற்பாடு செய்யும் அமைப்பின் நிபந்தனையே, பள்ளிக்கூடம் சேர்வதற்குள் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்பது. மாடித்தோட்டம், நீங்கள் எழுந்து போனது தப்பு. ஒரு ஆல்பம் போடுங்கள். வந்த நாள், முதல் சட்டை, தீர்ப்பு நகல், எல்லாம் ஒரே இடத்தில். பிறந்தநாள் தோறும் எடுத்துக் காட்டுங்கள். பாட்டி தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேள்வி வந்தால் அன்றைக்கே பதில் சொல்லிப் பழகுங்கள்.

என் அனுபவம் என்றால், நாங்களும் விண்ணப்பித்தோம், பாதியில் விட்டுவிட்டோம். அதை விடுங்கள்.

இரவுப்பணி:
சட்டம் தெரியும் சார். நான் சொன்னது கூப்பிடுவதைப் பற்றி.

மாடித்தோட்டம்:
ஆல்பம் இருக்கிறது சார், இரண்டு.

நேற்று அவளே படத்தை மறுபடி போடச் சொன்னாள். ஹிகாரியின் கடிதத்தில் எழுதி அழித்த வரியை வளர்த்த அம்மா சதோகோ கண்டுபிடிப்பாளே, ‘நடக்காததாக ஆக்கிவிடாதீர்கள்’ என்று? அங்கே நிறுத்தச் சொன்னாள். டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது.