கடைக் கண்ணாடிக் கதவு படாரென்று அடித்துச் சாத்துகிறது, என்ன செய்யலாம்?

கிளிநொச்சிக் கடைக்காரன்:
ஏ9 வீதியோரம் கடை. முன்பக்கம் 12 மில்லிமீற்றர் டெம்பர்ட் (சூடாக்கிப் பலப்படுத்தின) கண்ணாடிக் கதவு, மூன்றடி அகலம், ஏழடி உயரம். கச்சான் காற்று தொடங்கினதில் இருந்து அடித்துச் சாத்துகிறது, நேற்று ஒரு பிள்ளையின் விரல் மயிரிழையில் தப்பியது. கீழே நிலத்துத் தகட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. கதவைப் பொருத்தின பாஸ் அதில் இருக்கிற ஆணியை இறுக்கினால் சரி என்கிறார், பக்கத்துக் கடை அண்ணை தகட்டுக்குக் கீழே இருக்கிறதைக் கழற்றிவிட்டுச் சாதாரண பிணைச்சல் போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

மாங்குளத்தான்:
இரண்டு பேரும் இல்லை. தகட்டுக்குக் கீழே இருக்கிறதுதான் ஃப்ளோர் ஸ்பிரிங். உள்ளே ஸ்பிரிங் கதவை இழுக்கும், எண்ணெய் சின்ன வால்வு வழியாக நெருக்குப்பட்டுப் போவதால்தான் கதவு மெதுவாக வரும். எண்ணெய் ஒழுகிவிட்டால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, ஸ்பிரிங் தன்பாட்டுக்கு இழுக்கும். ஒழுக்கு இல்லாதிருந்தால் வால்வு ஆணியைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பேன் (அநேகமாக இரண்டு இருக்கும், ஒன்று முழு ஓட்டத்துக்கு, மற்றது கடைசியில் சாத்துகிற வேகத்துக்கு). உங்களுக்கு அந்த ஃப்ளோர் ஸ்பிரிங் பெட்டியையே மாற்ற வேண்டும் தம்பி.

புதுக்குடியிருப்பு அலுமினியம் வேலை:
பிணைச்சல் கதையை விடுங்கோ. டெம்பர் பண்ணின கண்ணாடியில் பிறகு துளை போட ஏலாது, ட்ரில் வைத்தால் முழுக் கதவும் பொலபொலவென்று கொட்டும். துளையும் வெட்டும் டெம்பர் பண்ண முதலே போட வேண்டும். அப்புறம் எடை. 12 மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு 30 கிலோ, உங்கள் கதவு 60 கிலோவுக்குக் கிட்ட வரும். புதுப் பெட்டி அதற்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். கழற்றிப் பூட்டும்போது கண்ணாடியைக் கீழே பிடித்திருக்கிற கிளாம்பின் உள்ளே இருக்கும் காஸ்கெட்டை (இரும்புக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்கிற மெத்தைத் துண்டை) பாருங்கோ, நைந்திருந்தால் மாற்றாமல் விட வேண்டாம், இரும்பு நேராகக் கண்ணாடியில் பட்டால் அந்த மூலையில்தான் வெடிக்கும்.

கிளிநொச்சிக் கடைக்காரன்:
நன்றி அண்ணைமார். தகட்டைக் கழற்றினால் உள்ளே முழுக்க எண்ணெயும் செம்மண்ணும்தான். வவுனியாவில் போய் எடுக்கலாம் என்றிருக்கிறேன். பாஸ் எந்தப் பெட்டியும் சரி என்கிறாரே?

மாங்குளத்தான்:
எந்தப் பெட்டியும் சரிவராது. பழையதின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து, கதவு இருக்கிற தண்டின் தலையைப் போனில் படமும் எடுத்துக்கொண்டு போங்கள். தலை வேறு வடிவம் என்றால் கிளாம்பில் இறங்காது, பெட்டி பெரிதென்றால் சீமெந்து உடைக்க வேண்டும், டைல்ஸும் போகும். அதுவரை காற்று நேரத்தில் கதவைப் பூட்டிவைத்துப் பக்க வாசலைப் பாவியுங்கள்.