யுபிஐயில் பணம் போகிறது, ஆர்டர் விழவில்லை – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் சித்தப்பாவுக்கு நோட் ஜேஎஸ், எக்ஸ்பிரஸ் (சர்வர் கோடு), மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) வைத்து ஒரு தளம் செய்து கொடுத்திருக்கிறேன், கற்றதெல்லாம் யூடியூபில்தான். பேமென்ட்டுக்கு ரேசர்பே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை). கார்டில் கட்டினால் பிரச்சனையே இல்லை. யுபிஐயில் கட்டும் சிலருக்கு மட்டும் பணம் கழிந்துவிடுகிறது, டாஷ்போர்டிலும் வந்ததாகத் தெரிகிறது, என் டேபிளில் ஆர்டர் இல்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்கள். பணம் வந்ததும் ரேசர்பே என் சர்வருக்குத் தானாகவே தகவல் அனுப்பும் வெப்ஹூக்கும் வைத்திருக்கிறேன், அது எப்போதும் சிக்னேச்சர் (அனுப்பியது ரேசர்பேதான் என்று காட்டும் குறியீடு) பொருந்தவில்லை என்று 400 பிழை கொடுக்கிறது. அப்புறம், கேஷ் ஆன் டெலிவரி வைக்கலாமா?

பதில் 1:
ஆர்டரை எங்கே சேமிக்கிறீர்கள்? பணம் கட்டி முடித்ததும் பிரவுசரில் ஓடும் ஹேண்ட்லர் கோடில் என்றால் காரணம் அதுதான். யுபிஐக்காரர் ஜிபேக்குப் போகிறார், பின் போடுகிறார், பச்சை டிக்கைப் பார்த்ததும் போனைப் பையில் வைத்துவிடுகிறார், உங்கள் பக்கத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. அதனால் பணம் கட்டும் பொத்தானை அழுத்திய உடனேயே ‘நிலுவை’ என்று ஆர்டரை எழுதி, ரேசர்பே தரும் ஆர்டர் ஐடியையும் கூடவே சேமியுங்கள். பணம் வந்ததா இல்லையா என்பதை வெப்ஹூக் சொல்லட்டும், வாடிக்கையாளரின் பிரவுசரை நம்பிக் கடை நடத்த முடியாது.

400க்கு என் சந்தேகம் எக்ஸ்பிரஸின் ஜேசன் பார்சர் மேல். அது வந்த தகவலை (பாடி) டேட்டாவாகப் பிரித்துவிடும், நீங்கள் அதைத் திரும்ப ஸ்ட்ரிங் ஆக்கி ஹேஷ் போடுவீர்கள், நடுவில் ஒரு இடைவெளி மாறினாலும் ஹெச்மேக் (சிக்னேச்சராக வரும் ஹேஷ்) வேறாகிவிடும். அந்த ஒரு ரூட்டுக்கு மட்டும் ரா பாடி, அதாவது பிரிக்காமல் வந்தபடியே, எடுங்கள். வெப்ஹூக் சீக்ரெட் வேறு, ஏபிஐ கீ சீக்ரெட் வேறு, அதையும் பாருங்கள்.

கேட்டவர்:
ரா பாடிதான் அண்ணா! 200 (சரி என்ற பதில்) வந்துவிட்டது. ஆனால் இப்போது ஒரே பேமென்ட்டுக்கு வெப்ஹூக் இரண்டு முறை வந்து, ஒருவருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போயிருக்கிறது.

பதில் 1:
அது அப்படித்தான் வரும். உங்கள் பதில் தாமதமானால் திரும்ப அனுப்புவார்கள். ஹெடரில் ஈவென்ட் ஐடி இருக்கும், அதை யூனிக் கீயாக (ஒரே மதிப்பு இரண்டு முறை வராதபடி) ஒரு டேபிளில் போடுங்கள், ஏற்கெனவே இருந்தால் 200 மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுப்புவதெல்லாம் 200 கொடுத்த பிறகு.

பதில் 2:
நானும் ஜவுளி விற்கிறவன். டிசைனுக்கு ஒரே சேலைதான் என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கட்டினால் என்ன செய்வீர்கள்? ஸ்டாக்கைப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் குறைப்பது ஆகாது. ‘இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை’ என்று ஒரே அப்டேட்டாக எழுதி, எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள், பூஜ்யம் என்றால் சேலை போய்விட்டது. செக்அவுட் தொடங்கியதும் 15 நிமிடம் பிடித்து வைக்கலாம். அதற்கு அப்புறம் வரும் பணத்துக்கு ரீஃபண்ட் போக வழி வைத்தே ஆக வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேஷ் ஆன் டெலிவரி என்றால் வாங்காமல் திருப்பி அனுப்பும் பார்சலுக்குப் போகவர இரண்டு பக்கக் கூலியும் கடைக்காரர் தலையில். முதலில் உள்ளூர் பின்கோடுகளுக்கு மட்டும் திறந்து பாருங்கள். பெட்டியையும் கவனியுங்கள்: பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடை போடுகின்றன. 30, 25, 8 அளவுப் பெட்டிக்கு 1.2 கிலோ, உள்ளே இருக்கும் சேலை அரைக் கிலோ இருந்தால் அதிகம். கவரில் அனுப்புங்கள்.

கேட்டவர்:
சரிங்க. ஜிஎஸ்டி இன்னும் எடுக்கவில்லை, ஆண்டு விற்பனை 40 லட்ச வரம்புக்கு ரொம்பக் கீழே.

பதில் 2:
அந்த வரம்பு தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும்வரைதான். பெங்களூருக்கு ஒரு சேலை போனாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம், கைவினைப் பொருளுக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு. சுங்குடி அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்கும்வரை முகவரிப் பக்கத்தில் வெளிமாநிலத்தை அடைத்து வையுங்கள்.