மாமனாரின் தீராத இருமல்: சளிப் பரிசோதனைக்கு எங்கே போவது?

வணக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் குவாரியில் வெகுகாலம் கல் உடைத்தவர் என் மாமனார். ஒரு மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல். மருந்துக்கடைக்காரரோ பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார்!

இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்ப் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனையில் அது இலவசம் என்பது தெரியும். கல்தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். எக்ஸ்ரேயில் இரண்டையும் பிரித்தறிவதும் கடினம். அதனால் சளியை, காசநோய்க் கிருமியை அதன் மரபணுவை வைத்துக் கண்டறியும் ட்ரூநாட் கருவியில் பார்த்துவிட நினைக்கிறோம். எங்களுக்கு அருகில் அந்த வசதி எங்கே இருக்கிறது? அதிகாலைச் சளியை வீட்டிலேயே டப்பாவில் எடுத்து வந்தால் வாங்கிக்கொள்வார்களா?

"பீடி தொடாத எனக்கா?" என்று அவர் வீம்பு பிடிக்கிறார். வீட்டில் மூன்று வயதுப் பேத்தி வேறு இருக்கிறாள். அவரைக் கிளப்ப வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.